மாலையும் வோட்டும்

ஜனவரி மாதம் 14-ந் தேதியை முன்னாள் படைவீரர்களுக்கு உரிய தினமாக நமது நாட்டில் கொண்டாடி வருகிறார்கள். ராணுவத்தின் முதல் இந்தியத் தலைமைச் சேனாதிபதியான கரியப்பா அவர்கள் 1953-ல் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற தேதி அது. தமிழ் நாட்டிலோ அந்தத் தேதி சில வருஷங்களில் போகிப் பண்டிகையாகவும், சில வருஷங்களில் பொங்கலாகவும் அமைகிறது. போகியாக அமைந்து விட்டால் கேட்க வேண்டியதில்லை. கிழிந்த பாயையும் உடைந்த முறத்தையும் வாசலில் போட்டுக் கொளுத்துகிற அதே காலை வேளையில், பழைய சிப்பாய்களை நினைத்துக் கொள்ளும்படி டில்லியிலிருந்து நமக்குச் சொல்லுகிறார்கள்! ஏற்பாடு செய்தவர்கள் தமிழ்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆயினும் அந்தப் பொருத்தம் நம்மைச் சிறிது யோசிக்கத் தூண்டுகிறது.

இதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னால், டிசம்பர் 7-ந் தேதி, கொடி நாள் வந்து போகிறது. 1949-ஆம் வருஷத்தில் தொடங்கிய வழக்கம் இது. பள்ளிச் சிறுவர் சிறுமியர் உண்டியலுடன் தெருவுக்கு வருகிறார்கள். முப்படைகளையும் குறிக்கும் சிவப்பு, கருநீலம், இளநீலம் ஆகிய மூன்று வர்ணங்கள் கொண்ட சின்னஞ்சிறு கொடியை நமது சட்டையில் குத்தி விடுகிறார்கள். நாமும் கையில் அகப்பட்டதைப் போடுகிறோம். மாலையில் சட்டை சலவைக்குப் போகிறது. கொடியும் அதனுடன் போகிறது. தேசத்தைக் காத்தவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய கடன் அத்துடன் தீர்ந்து விட்டதாக நமக்கு ஒரு நிம்மதி.

கடன் தீர்ந்து விட்டதா என்பதே இந்த வாரம் நாம் எடுத்துக் கொண்ட விஷயம்.

முன்னாள் படைவீரர் என்றதும் மார்பு நிறையப் பதக்கம் அணிந்து நரைத்த மீசையுடன் நிற்கும் முதியவரின் படமே நமது மனத்தில் எழுகிறது. உண்மை வேறு. சாதாரணச் சிப்பாய் பதினெட்டு, இருபது வயதில் படையில் சேருகிறார். சேனை எப்போதும் இளமையுடன் இருக்க வேண்டுமென்பதற்காக, நாற்பது வயதை ஒட்டியோ அதற்கு முன்போ அவரை வீட்டுக்கு அனுப்பி விடுகிறார்கள். மற்ற மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் அறுபது வயது வரையில் சம்பளம் வாங்குகிறார்கள். குழந்தைகளின் படிப்பும் பெண்ணின் கலியாணமும் எதிரே வந்து நிற்கும் வயதில் சிப்பாயின் சம்பளம் நின்று போகிறது. 2022-ல் ஏற்படுத்திய அக்னிபத் திட்டமோ, சேருகிறவர்களில் 100-க்கு 25 பேரை மட்டும் வைத்துக் கொண்டு, மற்றவர்களை 4 வருஷங்களில் திருப்பி அனுப்புவது என்னும் நிபந்தனையுடனேயே வந்தது. ஆகையால், முன்னாள் படைவீரர் என்பவர் நமது பாங்கியின் வாசலில் காவல் நிற்கிறவர். நாம் குடியிருக்கும் அடுக்கு மாடி வீட்டின் வாயிற்கதவைத் திறந்து விடுகிறவர். எந்த மலையில் எத்தனை குளிர்காலங்களைக் கழித்தார் என்று நாம் அவரைக் கேட்டிருக்கிறோமா?

அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பதிலும் நமது தேசம் தாராளமாக நடந்து கொண்டதென்று சொல்வதற்கில்லை. ஒரே பதவியில் ஒரே அளவு காலம் சேவை செய்த இருவர், வெவ்வேறு வருஷங்களில் ஓய்வு பெற்ற ஒரே காரணத்தினால் வெவ்வேறு பென்ஷன் வாங்கி வந்தார்கள். முந்தி ஓய்வு பெற்ற கிழவருக்குக் குறைவு. பிந்தி ஓய்வு பெற்றவருக்கு அதிகம். விலைவாசி மட்டும் இருவருக்கும் ஒன்றுதான்! இந்த வித்தியாசத்தை நீக்க வேண்டுமென்று பல வருஷ காலம் மனுப் போட்டுப் பார்த்தார்கள். கடைசியில் 2015-ஆம் வருஷம் டில்லி ஜந்தர் மந்தரில் நடுத் தெருவில் உட்கார்ந்தார்கள். சிலர் உண்ணாவிரதமும் இருந்தார்கள். அவ்வருஷம் செப்டம்பர் 5-ந் தேதி சர்க்கார் 'ஒரே பதவிக்கு ஒரே பென்ஷன்' என்னும் கொள்கையை அறிவித்தது. உரிமையாக வர வேண்டியதை உண்ணாவிரதம் இருந்து வாங்கும்படி வயோதிகச் சிப்பாய்களை விட்டது எந்தக் கட்சியின் குற்றம் என்று நாம் ஆராயப் போவதில்லை. பல கட்சிகள் மாறி மாறி ஆண்ட காலம் அது.

பெரிய சேனாதிபதிகளின் கதி மட்டும் என்ன வாழ்ந்தது? 1971-ஆம் வருஷ யுத்தத்தில் ராணுவத்தை நடத்தி, பதின்மூன்று தினங்களில் வெற்றி தேடித் தந்தவர் மானெக்ஷா. அந்த யுத்தத்தின் முடிவில் 93,000 பேர் சரணடைந்தார்கள். ஓய்வு பெற்ற பின்னர் அவர் நமது நீலகிரியில், குன்னூரில் குடியேறி வாழ்ந்தார். 2008-ஆம் வருஷம் ஜூன் 27-ந் தேதி வெல்லிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் காலமானார். உதகையில் நடந்த அவருடைய இறுதிச் சடங்குக்கு ஜனாதிபதி வரவில்லை. பிரதம மந்திரி வரவில்லை. பாதுகாப்பு மந்திரியும் வரவில்லை. ராஜாங்க மந்திரி ஒருவர் வந்து போனார். இவ்வளவுக்கும் அவர் ஃபீல்டு மார்ஷல் பட்டம் பெற்றவர். அந்தப் பட்டத்தைச் சுதந்திர இந்தியாவில் பெற்றவர்கள் அவரும் கரியப்பாவும் ஆக இரண்டே பேர்!

மேலே உள்ளவர்கள் செய்யத் தவறியதை எடுத்துக் காட்டுவது எளிது. நமது காரியம் என்ன என்று இனிப் பார்ப்போம்.

படைவீரர் காத்து நின்றது எதை? எல்லைக் கோட்டை என்று உடனே சொல்லி விடுவோம். அது பாதி விடைதான். அந்தக் கோட்டுக்கு உள்ளே நாம் என்ன செய்து கொண்டிருக்கிறோமோ, அதையும் சேர்த்தல்லவா அவர் காக்கிறார்? இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறோம். நேயர்கள் தேதிகளைக் கவனிக்க வேண்டும்.

2014-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி தமிழ் நாட்டின் 39 லோக் சபைத் தொகுதிகளிலும் தேர்தல் நடந்தது. அதே தினத்தில் காஷ்மீரத்தின் தென் பகுதியிலும் தேர்தல் நடந்தது. அங்கே ஷோபியான் ஜில்லாவில், வோட்டுச் சாவடி வேலையை முடித்துக் கொண்டு திரும்பிய அதிகாரிகளின் மீது பயங்கரவாதிகள் சுட்டார்கள். ஓர் அதிகாரி உயிரிழந்தார். ஜனங்கள் போட்ட வோட்டைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதற்காக ஓர் உயிர் போயிற்று. மறு நாள், ஏப்ரல் 25-ந் தேதி, அதே ஜில்லாவில் பயங்கரவாதிகள் பதுங்கியிருந்த வீட்டை நமது படையினர் சூழ்ந்து கொண்டார்கள். முன்னின்று அவர்களை நடத்தியவர் தாம்பரத்தைச் சேர்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன். வயது முப்பத்தொன்று. அந்தச் சண்டையில் அவர் வீர மரணம் எய்தினார். சமாதான காலத்து வீரத்துக்கு நமது தேசம் வழங்கும் மிக உயர்ந்த விருதான அசோக சக்கரத்தை, அவர் மறைந்த பின் 2015-ஆம் வருஷக் குடியரசு தினத்தில் அவருடைய மனைவியார் பெற்றுக் கொண்டார். 2024-ல் அவருடைய கதையைச் சினிமாப் படமாகவும் எடுத்தார்கள். தமிழ் நாட்டுக் குடும்பங்கள் கொட்டகைக்குச் சென்று கண்ணீர் வடித்து விட்டு வந்தன.

கண்ணீர் வடித்ததில் தவறில்லை. ஆனால் இன்னொரு கணக்கையும் பாருங்கள். அந்த 2014-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ந் தேதி, தென் சென்னைத் தொகுதியில் ஏறக்குறைய 100-க்கு 40 பேர் வோட்டுப் போடவில்லை. அவர்களைத் தடுத்தவர் யாருமில்லை. வோட்டுச் சாவடி பெரும்பாலும் அடுத்த தெருப் பள்ளிக்கூடத்தில்தான் இருந்திருக்கும். பத்து வருஷம் கழிந்த பிறகாவது நிலைமை திருந்தியதா? 2024 ஏப்ரல் 19-ந் தேதி நடந்த தேர்தலில், தர்மபுரித் தொகுதியில் 100-க்கு 81 பேர் வோட்டுப் போட்டார்கள். மத்திய சென்னையிலும் தென் சென்னையிலும் போட்டவர்கள் 100-க்கு சுமார் 54 பேர். வரப்பில் நடந்து, வெயிலில் வரிசை நின்று, வோட்டுப் போட்டவர்கள் தர்மபுரி ஜனங்கள். மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து 'நாடு கெட்டுப் போய்விட்டது' என்று வருந்தியவர்கள் பட்டணத்துக் கனவான்கள்!

சிப்பாய் தம்முடைய வோட்டை எப்படிப் போடுகிறார் என்பதை நமது கனவான்கள் அறிந்திருப்பது நல்லது. அவர் உறையும் பனியில் காவல் இருப்பார். அவருடைய பெயரோ சொந்த ஊர் ஜாபிதாவில் இருக்கும். முற்காலத்தில் வோட்டுச் சீட்டு தபாலில் போய், அவர் கைக்குக் கிடைத்து, திரும்பி வருவதற்குள் தேர்தல் முடிவே வெளியாகி விடுவதுண்டு. 2016-ல் புதுச்சேரி நெல்லித்தோப்பு இடைத் தேர்தலில் முதன் முதலாக ஒரு புதிய முறையைக் கையாண்டார்கள். இப்போது வோட்டுச் சீட்டு மின்னணு வழியில் அவருடைய முகாமுக்குச் செல்கிறது. அவர் ரகசிய எண்ணைக் கொண்டு அதைத் திறந்து, அச்செடுத்து, குறியிட்டு, உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டு, மேலதிகாரியின் சான்றும் பெற்று, உறைக்குள் உறை வைத்து ஒட்டித் தபாலில் சேர்க்க வேண்டும். எண்ணிக்கை நாளன்று காலை 8 மணிக்குள் அது வந்து சேர்ந்தால்தான் செல்லும். 2019-ஆம் வருஷப் பொதுத் தேர்தலில் 18 லட்சம் பேருக்கு இவ்வாறு சீட்டு அனுப்பப்பட்டது. எல்லையில் நிற்கிறவர் இத்தனை சிரமப்பட்டுப் போடும் வோட்டை, அவர் காவலில் தூங்குகிற நாம் அரை மணி நேரம் செலவழித்துப் போடாமல் இருக்கலாமா?

இந்தக் கேள்வியை நாம் எல்லோரையும் பார்த்துக் கேட்டாலும், முக்கியமாக ஒரு சாராரைப் பார்த்துக் கேட்கிறோம். பழமையில் பற்றுள்ளவர்கள் அவர்கள். பாட்டனார் சேர்த்து வைத்த நன்மைகளை அவசரப்பட்டு உதறி விடக் கூடாது. வரவுக்கு மேல் செலவு கூடாது, அது குடும்பமானாலும் சரி, சர்க்காரானாலும் சரி. கோவிலும் குடும்பமும் பள்ளிக்கூடமும் மரியாதையுடன் விளங்க வேண்டும். சீர்திருத்தம் வேண்டியதுதான், ஆனால் வீட்டைச் செப்பனிடுகிறவன் தூணைப் பிடுங்கக் கூடாது என்று எண்ணுகிறவர்கள். இந்தப் பத்திரிகையைப் படிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை அத்தகையவை என்று நாம் நம்புகிறோம். தேசத்தின் மீதும் படையின் மீதும் அவர்களுக்கு உள்ள அபிமானத்தைப் பற்றிச் சந்தேகமே இல்லை. ஆனால் தேர்தல் என்றதும், 'அது நமக்கு ஒத்து வராத சேற்றுக் குழி' என்று ஒதுங்கிப் போகிற சுபாவமும் அவர்களிடந்தான் அதிகம்.

ஒதுங்குவதற்கு அவர்கள் சொல்லும் சமாதானங்களை நாம் அறிவோம். 'எல்லாக் கட்சியும் ஒன்றுதான்' என்பது ஒன்று. ஒன்றே என்றாலும் வேட்பாளர்கள் ஒருவரே அல்லவே? எவரும் பிடிக்கவில்லை என்றால், அதையும் பொத்தானை அமுக்கிச் சொல்வதற்கு 2013 முதல் வழி இருக்கிறது. 'நம் ஒரு வோட்டால் என்ன ஆகிவிடும்?' என்பது இரண்டாவது. ஒரு சிப்பாய் தம் ஒரு துப்பாக்கியால் என்ன ஆகிவிடும் என்று நினைத்துக் காவலை விட்டுப் போனால் நாம் அவரை என்ன சொல்வோம்? 'தேர்தல் முறையே மேல் நாட்டுச் சரக்கு. நமது பண்பாட்டுக்கு உகந்ததல்ல' என்பது மூன்றாவது. இதைச் சொல்கிறவர்களை, ஒரு முறை உத்தரமேரூருக்குப் போய் வரும்படி கேட்டுக் கொள்கிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய சாஸனங்கள் அங்கே கோவில் சுவரில் இருக்கின்றன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை இட்டு வாரியம் அமைத்த முறை அவற்றில் விவரமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பதவி வகித்து விட்டுக் கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாதென்பது அங்கே விதி. அந்த முறையில் எல்லாரும் கலந்து கொள்ள முடியவில்லை. நிலமும் சொந்த வீடும் சாஸ்திரப் படிப்பும் உள்ளவர்களுக்கே இடம். அந்தக் குறையை நீக்கி, ஆணுக்கும் பெண்ணுக்கும், செல்வருக்கும் ஏழைக்கும் சமமாக வோட்டுரிமை தந்தது நமது அரசியல் சட்டம். பாட்டன் வைத்த மரத்தைப் பேரன் வளர்த்த மாதிரி இது. பழமைப் பற்றுள்ளவர்கள் இதைக் காப்பாற்றாவிட்டால் வேறு யார் காப்பாற்றுவார்கள்?

ராஜாஜியின் உதாரணமும் நம் கண்முன் இருக்கிறது. 1959-ல், தமது எண்பதாவது வயதில், கவர்னர்-ஜெனரல் பதவி முதல் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு, அவர் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். சர்க்காரின் கை எல்லாவற்றிலும் நீளக் கூடாது, பழைய நல்வழக்கங்களை அழிக்கக் கூடாது என்ற தமது கருத்தை அவர் திண்ணையில் உட்கார்ந்து புலம்பிக் கொண்டிருக்கவில்லை. ஜனங்களிடம் எடுத்துச் சென்று வோட்டுக் கேட்டார். 1962-ல் 18 ஸ்தானங்கள் பெற்ற அக்கட்சி, 1967-ல் 44 ஸ்தானங்கள் பெற்று லோக் சபையில் பெரிய எதிர்க் கட்சி ஆயிற்று. பின்னர் அது மறைந்தது வேறு கதை. அவருடைய கொள்கைகளை ஒப்புக் கொள்ளாதவர்களும் அந்த முயற்சியை வணங்கத்தான் வேண்டும்.

இவ்வளவு சொல்லி விட்டு, ஓர் எச்சரிக்கையும் செய்யாமல் விட முடியாது. படைவீரருக்கு நன்றி செலுத்த வோட்டுப் போடுங்கள் என்பது வேறு. படைவீரரின் பெயரைச் சொல்லி வோட்டுக் கேட்பது வேறு. சிப்பாயின் படத்தைத் தேர்தல் சுவரொட்டியில் ஒட்டுவது, உண்டியலில் போட்ட காசைத் திருப்பி எடுத்துக் கொள்வது போன்ற காரியம். தேர்தல் கமிஷன் 2013-லும் மறுபடி 2019 மார்ச்சிலும், படையினரின் படங்களைப் பிரசாரத்தில் உபயோகிக்கக் கூடாதென்று கட்சிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சேனை எல்லாக் கட்சிகளுக்கும் பொது. எந்தக் கட்சிக்கும் சொந்தமல்ல. தேச பக்தி தங்களிடம் மட்டுமே இருப்பதாக நினைக்கும் பழமைவாதிகள் இதை இரண்டு மடங்கு கவனத்துடன் நினைவில் வைக்க வேண்டும். பிரிட்டனில் ஒரு முறை நடந்ததைப் பாருங்கள். ஜெர்மனியை வென்ற மகா வீரராகச் சர்ச்சில் விளங்கிய 1945-ஆம் வருஷம் ஜூலை 5-ந் தேதி அங்கே தேர்தல் நடந்தது. கடல் கடந்து நின்ற சிப்பாய்களின் வோட்டு வந்து சேர வேண்டுமென்று மூன்று வாரம் காத்திருந்து, 26-ந் தேதி எண்ணினார்கள். சர்ச்சிலின் கன்ஸர்வேடிவ் கட்சி படுதோல்வி அடைந்தது. தொழிற்கட்சிக்கு 393 ஸ்தானங்கள் கிடைத்தன. யுத்தத்தில் வென்ற புகழைக் காட்டி மட்டும் வோட்டு வாங்க முடியாதென்பதும், திரும்பி வரும் சிப்பாய்க்கு வீடும் வேலையும் வைத்தியமும் வேண்டுமென்பதும் அன்று தெரிந்தது. சர்ச்சிலும் முடிவை ஏற்று அன்று மாலையே ராஜிநாமாச் செய்தார். வென்றாலும் தோற்றாலும் ஜனங்களின் தீர்ப்புக்குத் தலை வணங்குவதே பழமைப் பற்றின் உயர்ந்த லட்சணம்.

ஆகவே நேயர்கள் செய்ய வேண்டியது என்ன? தேர்தல் அறிவிப்பு வரும் வரை காத்திராமல், வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரும் வாக்காளர் ஜாபிதாவில் சரியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். பதினெட்டு வயது நிறைந்த பிள்ளைக்கும் பெண்ணுக்கும் 6-ஆம் நம்பர் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். வீடு மாறியிருந்தால் மாற்றிக் கொள்ளுங்கள். வேட்பாளர் வாசலுக்கு வரும்போது கதவைச் சாத்தாதீர்கள். சர்க்காரின் கடன் எவ்வளவு, அதைத் தீர்க்க வழி என்ன என்று கேளுங்கள். ஓய்வு பெற்ற படைவீரருக்கும், படையில் மாண்டவரின் மனைவி மக்களுக்கும் இந்தத் தொகுதியில் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவர் எந்தக் கட்சியானாலும் அவருக்கு ஒரு மதிப்புப் போடுங்கள். வோட்டுத் தினத்தில் விடுமுறை விடுவது, வெளியூர் உல்லாசத்துக்காக அல்ல என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். முடிந்தால் அவர்களையும் சாவடி வாசல் வரை அழைத்துச் செல்லுங்கள். உங்கள் தெருவில் முன்னாள் சிப்பாய் ஒருவர் இருந்தால், வரும் ஆகஸ்டு 15-ந் தேதி கொடியேற்ற அவரையே அழையுங்கள்.

பள்ளி உபாத்தியாயர் ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறோம். ஹிமாசலப் பிரதேசத்தில் கின்னௌர் மலைப் பகுதியில் கல்பா என்னும் ஊரைச் சேர்ந்தவர் சியாம் சரண் நேகி. பனிக் காலம் வருமுன் அங்கே தேர்தலை நடத்தி விட எண்ணியதால், சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் அந்த மலையில் 1951-ஆம் வருஷம் அக்டோபர் 25-ந் தேதியே ஆரம்பமாயிற்று. முதல் வோட்டைப் போட்டவர் அவர். அதற்குப் பிறகு வந்த பொதுத் தேர்தல்களில் எதையும் அவர் தவற விடவில்லை. 2022-ஆம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி, 105 வயதில், உடல் தளர்ந்திருந்ததால் வீட்டிலிருந்தே தபால் வோட்டுப் போட்டார். மூன்று தினங்களுக்குப் பிறகு காலமானார். அவர் எந்தக் கட்சிக்கு வோட்டுப் போட்டார் என்பது நமக்குத் தெரிய வேண்டியதில்லை. 2024-ஆம் வருஷப் பொதுத் தேர்தலில், 85 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் வீட்டிலேயே வோட்டுப் போடும் வசதி நாடெங்கும் செய்யப்பட்டிருந்தது. உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியின் பெயர் ஜாபிதாவில் இருக்கிறதா என்பதையும் மறவாமல் பாருங்கள்.